பாடம் இருக்கிறது, பயிற்சி எதற்கு என்பவருக்கு

‘யூத இனப்படுகொலைதான் பாடத்திட்டத்தில் இருக்கிறதே, யூத வெறுப்பை இனங்காண ஆசிரியர்களுக்குத் தனிப் பயிற்சி எதற்கு?’ என்று கேட்கிறார் ஒரு கட்டுரையாளர். பள்ளிக்கூடம் நடுநிலை வகிக்க வேண்டுமாம். இந்தப் பயிற்சியே இஸ்ரேலை விமர்சிப்பவர்களின் வாயை அடைக்கும் சூழ்ச்சியாம். மூன்று வாதங்களை அடுக்கியவர், வகுப்பறைப் பக்கம் ஒருமுறையாவது எட்டிப் பார்த்திருக்கலாம்.

பாடத்திட்டத்திலிருந்தே தொடங்குவோம். இங்கிலாந்தில் 1991 முதல் இனப்படுகொலை தேசியப் பாடத்திட்டத்தில் இருக்கிறது. கால் நூற்றாண்டு கழித்து, லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் ஏறக்குறைய 8,000 மாணவர்களிடம் ஆய்வு செய்தார்கள். 2016-இல் வெளியான அதன் முடிவுப்படி, 68 சதவீதம் பேருக்கு ‘ஆன்டிசெமிட்டிசம்’ (யூத வெறுப்பு) என்றால் என்னவென்றே தெரியவில்லை. பிணக்குவியல் படத்தைப் பார்த்திருக்கிறார்கள். அதற்குக் காரணமான வெறுப்பின் பெயரை அறியாமலே பள்ளியை முடிக்கிறார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவவில்லை.

பெர்லினில் 2017-இல் நடந்ததைக் கட்டுரையாளர் எப்படி விளக்குவார்? தான் யூதன் என்று வகுப்பில் சொன்ன ஒரு மாணவன், சக மாணவர்களின் வசையும் அடியும் தாங்காமல் பள்ளியை விட்டே போனான். ‘இனவெறியற்ற பள்ளிகள்’ அமைப்பில் அந்தப் பள்ளியும் ஓர் உறுப்பினர்! வாசலில் பலகை மாட்டினால் போதாது. உள்ளே நிற்கும் ஆசிரியருக்கு, முதல் வசை காதில் விழுந்த அன்றே என்ன செய்வது என்று தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது, அந்தப் புனிதமான நடுநிலை. இனப்படுகொலையைக் கற்பிப்பதை ஃபுளோரிடா மாநிலம் 1994-இலேயே சட்டமாக்கியது. அதே மாநிலத்தில் ஒரு பள்ளி முதல்வர் 2018-இல், ‘நான் கல்வி மாவட்ட ஊழியன், இனப்படுகொலை நடந்த உண்மை என்று என்னால் சொல்ல முடியாது’ என்ற பொருளில் ஒரு பெற்றோருக்கு மின்னஞ்சல் அனுப்பினார். 2021-இல் டெக்சாஸின் சவுத்லேக்கில், இனப்படுகொலை பற்றிய புத்தகம் வகுப்பில் இருந்தால் எதிர்க்கருத்துள்ள புத்தகமும் இருக்கட்டும் என்று ஆசிரியர்களுக்கு ஓர் அதிகாரி அறிவுரை சொன்னார். கொலைக்கு என்னய்யா எதிர்க்கருத்து? கட்டுரையாளர் கேட்கும் நடுநிலை இங்கேதான் கொண்டுபோய் விடும்.

பள்ளிக்கூடம் இந்த வரலாற்றுக்கு வெளியே நின்ற பார்வையாளரும் இல்லை. நாஜி ஜெர்மனியில் 1933 ஏப்ரலில் யூத ஆசிரியர்கள் அரசுப் பணியிலிருந்து விரட்டப்பட்டார்கள். 1938-இல் யூதர்களை நச்சுக் காளானாகக் காட்டும் சிறுவர் படப் புத்தகம் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் யூதப் பிள்ளைகள் பொதுப் பள்ளிகளிலிருந்து ஒட்டுமொத்தமாக வெளியேற்றப்பட்டார்கள். இந்த வெறுப்பைக் கரும்பலகையில் எழுதியவர்கள் ஆசிரியர்கள். அதை அழிக்கும் பொறுப்பு மட்டும் அவர்களுக்கு இல்லையா?

மூன்றாவது வாதத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. சர்வதேச இனப்படுகொலை நினைவுக் கூட்டணி 2016-இல் ஏற்ற யூத வெறுப்புக்கான வரையறையைப் பல்கலைக்கழகங்களில் கருத்தை ஒடுக்கும் கருவியாக்குகிறார்கள் என்று அதன் முதன்மை வரைவாளர் கென்னத் ஸ்டெர்னே எச்சரித்திருக்கிறார். ஆனால் இது யாருடைய வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது? காஸாவில் குண்டு விழுவதைக் கண்டிக்கும் மாணவிக்கும், அதற்காகப் பக்கத்து இருக்கை யூதச் சிறுவனைத் திட்டுபவனுக்கும் வேறுபாடு தெரியாத ஆசிரியர்தான் முதலாமவளைத் தண்டிப்பார், இரண்டாமவனை விட்டுவிடுவார். அந்த வேறுபாட்டைக் கற்பிக்கத்தான் பயிற்சி. யுனெஸ்கோவும் ஐரோப்பியப் பாதுகாப்பு, ஒத்துழைப்பு அமைப்பும் 2020-இல் ஆசிரியர்களுக்கும் பள்ளித் தலைவர்களுக்கும் தனித்தனிப் பயிற்சிக் கையேடுகளை வெளியிட்டதும் இதற்காகவே. கட்டுரையாளர் அவற்றைப் புரட்டியதற்கான அடையாளம் ஒரு வரியிலும் இல்லை.

பயிற்சியில் குறை இருந்தால் சொல்லட்டும், சேர்ந்தே திருத்தச் சொல்வோம். பயிற்சியே வேண்டாம் என்றால், அந்தப் பிடிவாதத்துக்கு விலை கொடுப்பவர் கட்டுரையாளர் அல்லர். மாற்றுச் சான்றிதழோடு வேறு பள்ளி தேடும் பிள்ளை.