கத்தியைவிடப் பயங்கரம் மூடிய கதவு

நம் சங்கப் பத்திரிகையில் கொலைகாரப் படத்தைப் பற்றி ஒரு கட்டுரையா என்று அன்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகள் இத்தகைய படங்களைக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பார்க்கிறார்கள். நாமோ "இதெல்லாம் ஒரு படமா!" என்று அதட்டிவிட்டுத் தொலைக்காட்சித் தொடரில் மூழ்கிவிடுகிறோம். (அந்தத் தொடர்களில் நடக்கும் கொலைகள் கணக்கில் சேராது போலும்!) ஆகவே, வயதுவந்த பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்துப் பேசத் தகுந்த ஒரு படத்தைச் சொல்கிறேன்.

அது 1978-இல் ஜான் கார்ப்பென்டர் இயக்கிய 'ஹாலோவீன்'. பெரிய ஸ்டுடியோக்களின் துணையின்றி, சுமார் 3 லட்சம் டாலரில் எடுத்த படம். கொலைகாரன் அணியும் முகமூடி, 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் கேப்டன் கிர்க் முகத்தைப் போலக் கடையில் விற்ற மலிவான முகமூடிதான். அதற்கு வெள்ளைச் சாயம் அடித்துக்கொண்டார்கள். இசையமைப்பாளருக்குக் கொடுக்கப் பணமில்லாததால் இயக்குநரே இசையமைத்தார். ஐந்து ஐந்தாக எண்ணும் தாளம்; பாட்டு வகுப்புக்குப் போகும் நம் பிள்ளைகள் "கண்டம்" என்று உடனே சொல்லிவிடுவார்கள். அந்தப் படம் அமெரிக்காவில் மட்டும் சுமார் 4 கோடியே 70 லட்சம் டாலர் வசூலித்தது.

இந்தப் படம் தன் மூத்தோரை மறைக்கவில்லை. 1960-இல் ஹிட்ச்காக் எடுத்த 'சைக்கோ'வில் குளியலறையில் கொல்லப்படும் பெண்ணாக நடித்தவர் ஜேனட் லீ. அவருடைய மகள் ஜேமி லீ கர்ட்டிஸ்தான் 'ஹாலோவீன்' படத்தின் நாயகி. அதுவே அவருக்கு முதல் திரைப்படம். 'சைக்கோ'வில் வரும் சாம் லூமிஸ் என்ற பெயரே இதில் மனநல மருத்துவருக்கு வைக்கப்பட்டிருக்கிறது. படத்தில் குழந்தைகள் பார்க்கும் தொலைக்காட்சியில் 1951-ஆம் ஆண்டின் பழைய திகில் படம் ஒன்று ஓடுகிறது. "இவர்களிடம்தான் கற்றேன்" என்று இயக்குநர் வணங்கிச் சொல்வதுபோல இருக்கிறது. நம் பாலு மகேந்திராவின் 'மூடுபனி'யிலும் (1980) 'சைக்கோ'வின் சாயலைக் காணலாம்.

வணக்கம் வேறு, நகல் வேறு. 1980-இல் வந்த 'ஃப்ரைடே த தர்ட்டீன்த்' படக்குழுவினர், 'ஹாலோவீன்' ஈட்டிய வெற்றியைப் பின்பற்றியே தங்கள் படம் உருவானது என்பதை மறைக்கவில்லை. ஆனால் அவர்கள் எடுத்துக்கொண்டது கத்தியை, கூட்டிக்கொண்டது ரத்தத்தை. 'ஹாலோவீன்' படத்தில் ரத்தம் மிகக் குறைவு. 'சைக்கோ'வின் குளியலறைக் காட்சியிலும் கத்தி உடலைத் தொடுவதை நாம் ஏறக்குறையப் பார்ப்பதேயில்லை. காட்டாமல் பயமுறுத்துவதே கார்ப்பென்டர் பெரியவரிடம் கற்ற பாடம்.

இவ்வகைப் படங்கள் பெண்களைத் துரத்திக் கொல்வதையே பொழுதுபோக்காக்குகின்றன என்ற குற்றச்சாட்டு உண்டு. அதில் நியாயமும் உண்டு; 'ஹாலோவீன்' படமும் முற்றிலும் தப்பாது. பெண் பிள்ளைகளோடு பார்க்கும்போது இதை மறைக்காமல் பேச வேண்டும் என்பது என் கருத்து. கடைசிவரை போராடி உயிர் தப்பும் பெண் என்ற பாத்திரத்தைப் பற்றி கேரல் குளோவர் என்ற பேராசிரியை 1992-இல் ஒரு நூலே எழுதினார். ஆக, இது படித்தவர்கள் பேசத் தகாத விஷயம் அல்ல.

என்னை உலுக்கிய காட்சியில் கத்தியே இல்லை. கொலைகாரனிடமிருந்து தப்பிய நாயகி, காயத்தோடு ஓடிப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக் கதறுகிறாள். வாசல் விளக்கு எரிகிறது. உள்ளிருந்து யாரோ ஜன்னல் திரையை விலக்கிப் பார்க்கிறார்கள். பிறகு விளக்கு அணைகிறது. அவ்வளவுதான். 'சைக்கோ' பயத்தைப் பழைய கோட்டைகளிலிருந்து குளியலறைக்குக் கொண்டுவந்தது என்றால், 'ஹாலோவீன்' அதை அண்டை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தியது.

கடைசியில் அவளைக் காப்பாற்ற வருபவர் யார்? குழந்தைகள் அலறி ஓடுவதைக் கண்டு உள்ளே பாயும் அந்த மருத்துவர். அவர் அந்தத் தெருக்காரர் அல்லர்; வெளியூர்க்காரர்.

ஊரையும் உறவையும் விட்டு வந்த நமக்கு இது வெறும் சினிமாவா? மூன்று பூட்டு, கதவில் பார்வைத் துளை, வாசலில் காவலாளி என்று எல்லாம் இருக்கின்றன. எதிர் வீட்டுக்காரர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? நள்ளிரவில் நம் வீட்டுப் பெண் தட்டினால் திறக்கக்கூடிய கதவுகள் எத்தனை? ஊரிலிருந்து வேலைக்கு வந்து தனி அறையில் தங்கியிருக்கும் இளம்பெண்ணுக்கு, ஆபத்தில் கூப்பிட நம்மில் ஒருவருடைய தொலைபேசி எண்ணாவது கொடுத்திருக்கிறோமா?

பிள்ளைகளிடம் "பயப்படாதே, வெறும் படம்தான்" என்று சொல்வது எளிது. அந்த விளக்கு அணையும் இடத்தில் படத்தைச் சற்று நிறுத்தி, "நாமாக இருந்தால் திறந்திருப்போமா?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லும் முறை முதலில் பெரியவர்களுடையது.