பட்டறையில் இருக்க வேண்டியவர் வாசலில் நிற்கலாமா?

தலைநகர் தில்லியின் ஓக்லா தொழிற்பேட்டையில் லேத் பட்டறை நடத்தும் ஒருவரை அண்மையில் சந்தித்தேன். இரும்பைக் கடைந்து இயந்திர உதிரிபாகங்கள் செய்வது அவரது தொழில். தந்தையிடம் கற்ற வேலை. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் அவர் மனம் ஒப்பாது. ஆனால், அவர் மைக்ரோமீட்டரைக் கையில் எடுத்துப் பல மாதங்கள் ஆகின்றனவாம்.

காலையில் கைப்பேசியை எடுத்தால், சரக்கு வாங்கிய நிறுவனங்களின் கணக்குப் பிரிவுகளை ஒவ்வொன்றாக அழைக்கிறார். பிற்பகலில் நொய்டாவுக்கும் குருகிராமுக்கும் நேரில் சென்று வரவேற்பறைகளில் காத்திருக்கிறார். "மேலாளர் கூட்டத்தில் இருக்கிறார்", "உங்கள் பில் ஒப்புதலுக்குப் போயிருக்கிறது", "அடுத்த மாதம் பாருங்கள்" என்கிற மூன்று பதில்களில் ஒன்றைப் பெற்றுக்கொண்டு திரும்புகிறார். மாலையில் வரிக் கணக்கர் அழைத்து, 20-ம் தேதி நெருங்குவதை நினைவூட்டுகிறார்.

"தொழில் அலுத்துவிட்டதா?" என்று கேட்டேன். "தொழில் செய்தால்தானே அலுப்பதற்கு?" என்றார்.

சிறுதொழில் நடத்துவோரிடம் முன்பிருந்த ஊக்கம் குன்றிவிட்டது என்பது இப்போது பலரும் சொல்லும் குறை. அதற்கு அரசும் வங்கிகளும் தொழில் அமைப்புகளும் வைத்திருக்கும் மருந்து பயிற்சி முகாம், ஊக்கவுரை, விருது, புதிய கடன் ஆகியவைதான். இவை தவறானவை அல்ல. ஆனால், நோய் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் தரப்படும் மருந்துகள். தன் கைவேலையில் ஒருவர் கொண்டிருந்த ஈடுபாடு தானாக வற்றிவிடுவதில்லை. அதற்கான நேரத்தை யாரோ எடுத்துக்கொள்கிறார்கள். அந்த நேரத்தில் பெரும்பகுதியை விழுங்குவது, செய்து கொடுத்த வேலைக்கு வரவேண்டிய பணத்தைக் கேட்டு அலையும் அலைச்சல்தான்.

இதை ஏதோ மனச்சோர்வு என்று ஒதுக்கிவிட முடியாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2019-ம் ஆண்டில் வணிகமும் தொழிலும் செய்வோரில் 9,052 பேர் தற்கொலை செய்துகொண்டனர். 2020-ல் இது 11,716 ஆக உயர்ந்தது. அது கரோனா ஆண்டு என்பது உண்மை. ஒவ்வொரு சாவுக்கும் ஒரே காரணம் இருக்காது என்பதும் உண்மை. ஆனால், கையிருப்பு இல்லாமல், வரவேண்டிய பாக்கியை நம்பியே நாளை நகர்த்துபவர்களுக்கு ஓர் அதிர்ச்சியைத் தாங்கும் வலு இருப்பதில்லை என்பதை அந்த ஆண்டு காட்டிவிட்டது.

நாடாளுமன்றத்தில் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் பற்றிய கேள்விகளுக்குக் குறைவில்லை. பதில்களுக்கும் ஒரு வடிவம் அமைந்துவிட்டது. திட்டங்களின் பட்டியல், வழங்கப்பட்ட கடன் தொகை, 'உத்யம்' தளத்தில் பதிவு செய்தோர் எண்ணிக்கை ஆகியவை வரிசையாக வரும். முத்ரா கடனின் உச்சவரம்பு 2024-ல் ரூ. 10 லட்சத்திலிருந்து ரூ. 20 லட்சமாக உயர்த்தப்பட்டதும், 2020-ல் ரூ. 3 லட்சம் கோடிக்கு அவசரகாலக் கடன் உத்தரவாதத் திட்டம் அறிவிக்கப்பட்டதும் இந்த வரிசையில் இடம்பெறும் சாதனைகளே. ஆனால், ஒரு சிறுதொழில்முனைவர் தனக்குப் பிறர் தரவேண்டிய பணம் வராததால்தான் பெரும்பாலும் கடன் வாங்குகிறார். அவருடைய பணத்தைப் பெரிய நிறுவனம் வட்டியின்றி வைத்திருக்க, அவர் வட்டி கட்டி வங்கியில் வாங்குகிறார். இதற்குக் கடனுதவி என்று பெயர் வைப்பது பொருந்துமா?

சட்டம் இல்லாமல் இல்லை. தாமதமாகும் தொகைக்கு வட்டி தர வேண்டும் என்று 1993-லேயே ஒரு சட்டம் வந்தது. அதற்கு மாற்றாக, 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம் அந்த ஆண்டு அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்தது. குறு அல்லது சிறு நிறுவனத்திடம் சரக்கோ சேவையோ பெற்றவர், என்ன ஒப்பந்தம் போட்டிருந்தாலும், 45 நாள்களுக்குள் பணம் தந்தாக வேண்டும். தவறினால், ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. சரக்கில் குறை இருப்பதாக 15 நாள்களுக்குள் எழுத்துமூலம் சொல்லாவிட்டால், பெற்றுக்கொண்ட நாளே ஏற்றுக்கொண்ட நாள். மாநிலங்களில் உள்ள வசதியாக்க மன்றங்கள் 90 நாள்களில் தீர்வு காண வேண்டும். மேல்முறையீடு செய்யும் நிறுவனம் தீர்ப்புத் தொகையில் 75 விழுக்காட்டை முன்கூட்டியே கட்ட வேண்டும். காகிதத்தில் இதைவிட உறுதியான சட்டத்தை எழுதுவது கடினம்.

பிறகு ஏன் ஓக்லாக்காரர் வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கிறார்? சட்டத்தின் சாவி அவரிடமே கொடுக்கப்பட்டிருப்பதால்தான். அவர் புகார் செய்தால்தான் சட்டம் விழிக்கும். 2017-ல் தொடங்கப்பட்ட 'சமாதான்' இணையதளம் புகார் செய்வதை எளிதாக்கியது. ஆனால், புகாருக்குப் பின் வரும் நாளை அது மாற்றவில்லை. அவருக்கு மூன்று வாடிக்கையாளர்கள்தான் இருக்கிறார்கள் என்றால், ஒருவர் மீது புகார் செய்வது மூன்றில் ஒரு பங்குத் தொழிலை இழப்பதற்குச் சமம். ஆகவே அவர் புகார் செய்வதில்லை. வட்டி கேட்பதில்லை. அசலையே கெஞ்சித்தான் கேட்கிறார். நல்ல வேலைக்காரர் ஒருவரின் தன்மதிப்பு தேய்வது இந்த இடத்தில்தான்.

இத்துடன் வரிச் சுமையும் சேர்கிறது. சரக்கு – சேவை வரிச் சட்டப்படி, பில் போட்டுவிட்டால் வரியைக் கட்டிவிட வேண்டும். வாங்கியவர் பணம் தந்தாரா என்று சட்டம் கேட்பதில்லை. காலாண்டுக்கு ஒருமுறை கணக்கு தாக்கல் செய்யும் சிறியவர்களும் வரியை மாதந்தோறும் செலுத்தியாக வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டி. வராத பணத்துக்கு, கையில் இருப்பதிலிருந்து வரி கட்டுகிறார் சிறியவர். அவர் கட்டிய வரியைத் தன் கணக்கில் உள்ளீட்டு வரிச் சலுகையாக எடுத்துக்கொள்கிறது பணம் தராத நிறுவனம். அந்தச் சலுகையைத் திருப்பித் தர வேண்டிய நிலை அதற்கு எப்போது வரும்? 180 நாள்களுக்குப் பிறகு.

2006-ல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் 45 நாள் என்கிறது. அதே நாடாளுமன்றம் 2017-ல் இயற்றிய சட்டம் 180 நாள் வரை பொறுத்துக்கொள்கிறது. எந்தச் சட்டத்துக்கு நிறுவனங்களின் கணக்குப் பிரிவுகள் மதிப்பளிக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அரசு இதை உணராமலும் இல்லை. 2023-ம் ஆண்டு நிதிச் சட்டத்தின் மூலம் வருமான வரிச் சட்டத்தில் 43பி (எச்) பிரிவு சேர்க்கப்பட்டது. குறித்த காலத்துக்குள் குறு, சிறு நிறுவனங்களுக்குத் தராத தொகையை, உண்மையில் தரும் ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும் என்று அது சொன்னது. புகார் இல்லாமலேயே வேலை செய்யும் முதல் ஏற்பாடு என்ற வகையில் அது சரியான திசை. ஆனால், நடைமுறைக்கு வந்ததுமே, பெரிய நிறுவனங்கள் பதிவு பெறாதவர்களிடம் ஆர்டரை மாற்றுகின்றன, பதிவை ரத்து செய்யச் சொல்கின்றன என்று சிறுதொழில் அமைப்புகளிடமிருந்தே முறையீடுகள் எழுந்தன. சட்டம் சிறியவர்களைக் காக்கப் போய், அவர்களிடம் வாங்குவதையே தவிர்க்க வைக்கிறது என்ற இந்த வாதத்தைப் புறந்தள்ள முடியாது.

அதற்காகச் சட்டத்தைத் தளர்த்துவது விடையாகாது. பாதுகாப்பு பெறுபவர், பெறாதவர் என்ற வேறுபாடு இருக்கும்வரை, பாதுகாப்பற்றவரைத் தேடிச் செல்வது வணிகத்தின் இயல்பு. உத்யம் பதிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் 45 நாள் விதி எல்லாச் சிறு விற்பனையாளருக்கும் ஒன்றே என்று ஆக்கினால், இடம் மாறி வாங்குவதில் யாருக்கும் ஆதாயம் இருக்காது.

சிறியவர்கள் எல்லோரும் குற்றமற்றவர்கள் என்று வாதிடுவதும் நேர்மையாகாது. தனக்குப் பணம் வராதவர், தனக்குக் கீழே முலாம் பூசித் தருபவருக்கும் கூலிக்குக் கடைந்து தருபவருக்கும் நிறுத்தித்தான் வைக்கிறார். மேலே தடைபட்ட நீர் கீழே வாய்க்காலில் ஓடாது. மடையை மேலேதான் திறக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. முதலாவதாக, குறு, சிறு விற்பனையாளரைப் பொறுத்தவரை அந்த 180 நாள் வரம்பை 45 நாளாகக் குறைக்க வேண்டும். பணம் தராவிட்டால் வரிச் சலுகை போய்விடும் என்றால், பில் தானாகவே ஒப்புதல் பெறும். ஆண்டு விற்றுமுதல் ரூ. 5 கோடியைத் தாண்டியவர்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் மின்னணு பில் கட்டாயமாகிவிட்டது. அதற்குக் கீழே உள்ளவர்களின் பில் விவரங்களும் கணக்குத் தாக்கலில் வந்துவிடுகின்றன. எந்தத் தேதியில் யார் யாருக்கு விற்றார் என்பது அரசின் கணினிக்குத் தெரியும். வரி நாளை எண்ணத் தெரிந்த கணினிக்குப் பாக்கி நாளை எண்ணத் தெரியாதா?

இரண்டாவதாக, மிகச் சிறியவர்கள் பணம் கைக்கு வந்த பிறகு வரி செலுத்தினால் போதும் என்ற முறை வேண்டும். இது புதுமையன்று. பழைய சேவை வரி முறையில், 2012 முதல், ரூ. 50 லட்சம் வரை சேவை அளித்த தனிநபர்களுக்கும் கூட்டாண்மை நிறுவனங்களுக்கும் இந்த வசதி இருந்தது. பிரிட்டனின் மதிப்புக் கூட்டு வரியிலும் இதற்கு இடம் உண்டு. நாம் கொடுத்து, பிறகு பறித்துக்கொண்ட ஒன்றைத் திருப்பித் தருவதில் தயக்கம் ஏன்?

மூன்றாவதாக, அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் முன்மாதிரியாக இருக்க வேண்டும். மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் தங்கள் கொள்முதலில் 25 விழுக்காட்டைக் குறு, சிறு நிறுவனங்களிடம் செய்ய வேண்டும் என்பது விதி. எவ்வளவு வாங்கினோம் என்று பெருமையுடன் அறிவிக்கும் அமைச்சகங்கள், எத்தனை நாளில் பணம் தந்தோம் என்பதையும் காலாண்டுதோறும் அவையில் வைக்கட்டும். 45 நாளைத் தாண்டியிருந்தால், கேட்காமலேயே வட்டியைச் சேர்த்துத் தரட்டும்.

நான்காவதாக, வசதியாக்க மன்றங்கள் மாநில அரசுகளின் பொறுப்பு. வேறு பல பணிகள் உள்ள தொழில்துறை இயக்குநர் நிலை அதிகாரியைத் தலைவராக்கிவிட்டு, 90 நாளில் தீர்ப்பை எதிர்பார்ப்பது வீண். முழுநேர உறுப்பினர்கள் தேவை. மொராதாபாத்தின் பித்தளைப் பட்டறைகளுக்கும் லூதியாணாவின் சைக்கிள் உதிரிபாகக் கூடங்களுக்கும் மட்டுமன்றி, கோவையின் பம்ப் பட்டறைகளுக்கும் இது பொருந்தும். தமிழக உறுப்பினர்கள் தில்லியில் கேள்வி எழுப்பும்போது சென்னையையும் பார்த்துப் பேச வேண்டும்.

பாக்கி வந்துவிட்டால் எல்லாத் துயரமும் தீர்ந்துவிடும் என்று சொல்லவில்லை. மலிவான இறக்குமதி, இணையவழி வணிகத்தின் நெருக்கடி, தந்தையின் பட்டறைக்கு வர மறுக்கும் பிள்ளைகள் என்று கவலைகள் பல. ஆனால், அவற்றைப் பற்றி யோசிக்கவும் ஒருவருக்கு நேரம் வேண்டும். புதிய பொருளை வடிவமைக்கவும், தொழிலாளிக்கு நுணுக்கம் கற்றுக்கொடுக்கவும், மகனை அருகில் அழைத்து இயந்திரத்தின் ஒலியைக் கேட்கச் சொல்லவும் நேரம் வேண்டும். தந்தை நாளெல்லாம் தொலைபேசியில் கெஞ்சுவதைப் பார்த்து வளரும் பிள்ளை அந்தத் தொழிலுக்கு எப்படி வருவான்?

விடைபெறும்போது, பட்டறையின் மூலையில் துணி போர்த்தி வைத்திருந்த ஒன்றைக் காட்டினார் அந்த ஓக்லாக்காரர். அவரே யோசித்து, பாதி செய்து நிறுத்திவைத்த ஒரு சிறு இயந்திரம். இரண்டு ஆண்டுகளாக அப்படியே இருக்கிறதாம். அந்தத் துணியை விலக்க அவருக்கு யாருடைய ஊக்கவுரையும் தேவையில்லை. செய்து முடித்த வேலைக்கான பணம் 45-ம் நாளில் வந்தால், 46-ம் நாளில் அவரே விலக்கிவிடுவார்.