நீங்கள் கேட்டவை: பேரன் மூக்கில் தைலம் விடலாமா?

“பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில் வாங்கி வைத்த தைல மரக்கன்று, இப்போது மாடி உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. இலையைக் கசக்கினால் எலுமிச்சை வாசனை வருகிறது. இதிலிருந்து வீட்டிலேயே தைலம் எடுக்க முடியுமா? ஒன்றரை வயதுப் பேரனுக்கு அடிக்கடி சளி பிடிக்கிறது. மூக்கில் ஒரு சொட்டு விடலாமா? முடி வளரவும் முகப்பரு போகவும் தைலம் நல்லது என்கிறார்களே, உண்மையா?”

- வாசகி, பல்லாவரம்.

பேரன் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன் அம்மா. மூக்கில் விடவே கூடாது. 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் மூக்கிலும் முகத்திலும் தைலம் பட்டால், மூச்சுக்குழல் சட்டென்று இறுகி மூச்சுத் திணறல் வரலாம். சளிக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்து போதும். குழந்தை வேகவேகமாக மூச்சு வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

தைல பாட்டிலை இருமல் மருந்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். ஒரு டீஸ்பூன் உள்ளே போனாலே சிறு குழந்தைக்கு மயக்கமும் வலிப்பும் வரலாம். தெரியாமல் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள். பாட்டிலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

இனி மரத்துக்கு வருவோம். எலுமிச்சை வாசனை வருகிறது என்றால், அது பெரும்பாலும் எலுமிச்சை மணத் தைல மரமாக (யூகலிப்டஸ் சிட்ரியோடோரா) இருக்கும். அதன் எண்ணெயில் அதிகம் இருப்பது சிட்ரோனெல்லால். சோப்பு, வாசனைப் பொருள்கள் செய்ய அது பயன்படும். சளிக்கு நாம் வாங்கும் நீலகிரித் தைலம் வேறு. 1843-ம் ஆண்டு நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்ட யூகலிப்டஸ் குளோபுலஸ் மரத்தின் இலையில் இருந்து அதை எடுக்கிறார்கள். மூக்கடைப்பைத் திறந்துவிட்டது போன்ற உணர்வைத் தரும் சினியோல் அதில்தான் நிறைய இருக்கிறது. குளிர்ந்த மலைக்கு ஏற்ற மரம் அது. நம் பக்கத்து வெயிலுக்குச் சரிவராது.

தைலம் எடுக்க, இலையைப் பெரிய கொப்பரையில் போட்டு அவித்து, வரும் ஆவியைக் குளிரவைத்து எண்ணெயைப் பிரிக்க வேண்டும். 100 கிலோ இலைக்குச் சுமார் 1 கிலோ எண்ணெய்தான் தேறும். ஒற்றை மரத்துக்கு அடுப்பு மூட்டினால் விறகுச் செலவுக்கே கட்டுப்படியாகாது.

பெரியவர்கள் நீலகிரித் தைலத்தைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், வெளிப்பூச்சாகவும் ஆவி பிடிக்கவும் மட்டும்.

மூக்கடைப்புக்கு: சுடுநீரில் 2 அல்லது 3 சொட்டு விட்டு, கண்ணை மூடிக்கொண்டு 5 நிமிடம் ஆவி பிடியுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

உடல் வலிக்கு: 3 டீஸ்பூன் நல்லெண்ணெயில் 6 சொட்டு கலந்து தேய்க்கலாம். முதலில் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி, ஒரு நாள் பாருங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் விட்டுவிடுங்கள்.

முடி வளரும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. பரு மீது அப்படியே தடவினால் தோல் எரிந்து புண்ணாகும். அந்த யோசனையே வேண்டாம்.

கடைசியாக ஒன்று. மாடி உயரத்தோடு அந்த மரம் நிற்காது. இன்னும் பல மடங்கு வளரும். வீட்டுச் சுவரை ஒட்டியோ மின்கம்பிக்குக் கீழேயோ இருந்தால், இப்போதே வெட்டிவிடுவது நல்லது.