மோதிரத்துக்கு ஒரு தலையணை

தேவாலயத்தின் நடுவழியில் ஐந்து வயதுப் பையன் ஒருவன் நடந்து வருகிறான். கோட்டு, கழுத்தில் 'போ' டை, கடிக்கும் புது ஷூ. இரண்டு கைகளிலும் ஏந்தியிருப்பது ஒரு சாண் அகலத் தலையணை. அதன் மேல் இரண்டு மோதிரங்கள். இருபுறமும் பெஞ்சுகளில் இருப்பவர்கள் பையனைப் பார்த்து உருகுகிறார்கள். ஒரே ஒருத்தி மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மோதிரங்களையே பார்க்கிறாள். தலையணையைத் தைத்தவள் அவள்தான்.

மும்பையின் பாந்த்ராவிலும் கோவாவின் மட்காவிலும் மங்களூரிலும் பெங்களூரிலும் தூத்துக்குடியிலும் இந்தக் காட்சி ஒன்றுதான். கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது, "மோதிரத் தலையணை யார் தைக்கிறது?" என்ற கேள்வி எழும். சித்தியோ அத்தையோ தோழியோ தலையாட்டுவார். 'சின்ன வேலைதானே, ஓய்வு நேரத்தில் முடித்துவிடலாம்' என்று மற்றவர்கள் சொல்வார்கள். அந்த 'ஓய்வு நேரம்' எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை.

மங்கலப் பொருளைக் கைக்குக் கை நேராகக் கொடுத்துவிடாமல், ஒன்றின் மேல் வைத்து ஏந்தி வரும் வழக்கம் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியதல்ல. தமிழ்நாட்டு இந்துக் கல்யாணங்களில் தாலி தேங்காயின் மேல் அமர்ந்து தாம்பாளத்தில் சபையைச் சுற்றி வருகிறது. பெரியவர்கள் தொட்டு வாழ்த்திய பிறகே கழுத்துக்குப் போகிறது. கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்கள் மந்திரகோடிப் புடவையிலிருந்து ஏழு இழைகளை உருவித் திரித்து, அந்தக் கயிற்றில் மின்னைக் கோத்துக் கட்டுகிறார்கள். வட இந்திய நிச்சயதார்த்தங்களில் மோதிரத்துக்கென்றே அலங்காரத் தட்டுகள் வந்துவிட்டன. எல்லாவற்றிலும் யாரோ ஒருவருடைய கைவேலை கொஞ்சம் இருக்கிறது.

ஆனால் தேங்காய்க்கும் தாம்பாளத்துக்கும் இல்லாத ஒரு சங்கடம் தலையணைக்கு உண்டு. அதை ஏந்தி வருவது ஒரு குழந்தை. குழந்தை தடுக்கி விழலாம், அழலாம், அம்மாவைக் கண்டதும் ஓடலாம். அதற்குப் பயந்து பல குடும்பங்கள் தலையணையில் கவரிங் மோதிரங்களைக் கட்டிவிட்டு, அசலை மாப்பிள்ளைத் தோழனின் சட்டைப் பையில் போட்டுவிடுகின்றன. விவேகம்தான். ஆனால் அத்துடன் தலையணை வெறும் போட்டோ சாமானாகிவிடுகிறது. அசல் மோதிரத்தையே நம்பிக் கட்டும்படி ஒரு தலையணையைத் தைக்க முடியாதா? முடியும். கொஞ்சம் யோசித்துத் தைக்க வேண்டும்.

முதலில் அளவு. தைத்து முடித்தபின் 20 செ.மீ. சதுரம் போதும். இதைவிடப் பெரிதானால் குழந்தையின் கைக்குள் அடங்காது. அவன் தரையைப் பார்த்து நடக்க முடியாமல் அதுவே மறைக்கும். ஓரத்துக்கு ஒன்றரை செ.மீ. விட்டு, 23 செ.மீ. சதுரத்தில் இரண்டு துண்டுகளை வெட்டிக்கொள்ள வேண்டும்.

துணி வழவழப்பாக இருக்கக் கூடாது. சாட்டின் பளபளக்கும், மோதிரத்தை வழுக்கியும் விடும். சொரசொரப்பான ராசில்க், டஸ்ஸர் இரண்டும் மோதிரத்தைப் பிடித்துக்கொள்ளும். அம்மாவின் கல்யாணப் புடவையிலிருந்து ஒரு துண்டு எடுப்பதும் நல்ல யோசனை. முப்பது வருடம் பெட்டியில் இருந்த வெள்ளைப் பட்டு தானாகவே தந்த நிறத்துக்கு வந்திருக்கும். எந்தச் சாயக்காரராலும் அதைக் கொண்டுவர முடியாது. ஆனால் பழைய பட்டு மடிப்புகளில் விட்டுப்போயிருக்கும். மடிப்பு விழாத இடமாகப் பார்த்து வெட்டி, பின்னால் மெல்லிய மல் துணியை வைத்து இரண்டையும் ஒன்றாக ஓட்டிக்கொண்டால்தான் தையல் தாங்கும்.

பெயரின் முதலெழுத்துகளையோ ஒரு பூக்கொடியையோ போடுவதென்றால் துண்டுகளை இணைப்பதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். சங்கிலித் தையலும் காம்புத் தையலும் தெரிந்தால் போதும். ஒரே இழையில் போட்டால் எழுத்து பட்டில் அமுங்கிவிடும். இரண்டு இழை எடுப்பது நல்லது. தலையணையின் நடுவில் மட்டும் எதுவும் வேண்டாம். அது மோதிரத்தின் இடம்.

ரிப்பனையும் இப்போதே தைத்துவிட வேண்டும். ஒரே ரிப்பனில் இரண்டு மோதிரங்களையும் கட்டுவதுதான் வழக்கமான தவறு. குருவானவர் ஒரு மோதிரத்தை எடுக்க முடிச்சை அவிழ்த்தால், மற்றது உருண்டு பெஞ்சுக்கு அடியில் போகும். ஆறு மி.மீ. அகல ரிப்பனில் 40 செ.மீ. நீளத்துக்கு இரண்டு துண்டுகள் வேண்டும். இரண்டும் நடுவில் நான்கு செ.மீ. இடைவெளியில் இருக்கட்டும். ஒவ்வொன்றையும் அதன் மையத்தில் துணியோடு ஐந்தாறு முறை ஊசி போட்டு இறுக்க வேண்டும். நுனியைத் தீக்குச்சிச் சுடரில் லேசாகக் காட்டினால் நூல் பிரியாது.

அடித்துண்டின் வெளிப்பக்கம் நான்கு செ.மீ. அகலத்தில் ஒரு பட்டை தைக்க வேண்டும். பையனின் கை அதற்குள் நுழைந்துகொள்ளும். அவன் தலையணையை மறந்தாலும் தலையணை அவனை விடாது.

பிறகு லேஸ். அதை முதலிலேயே நனைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டுவிட வேண்டும். பருத்தி லேஸ் சுருங்கும். மெல்லிய வலை லேஸ் என்றால் சுற்றளவைப் போல ஒன்றரை மடங்கு எடுத்துச் சுருக்கம் வைக்கலாம். குரோஷா லேஸ் கனமானது, சுருக்கினால் தடித்துப்போகும். நான்கு பக்கத்துக்கு 80 செ.மீ., மூலைக்கு ஐந்து வீதம் 20 செ.மீ., ஆக ஒரு மீட்டர் போதும். துணியின் நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க, லேஸை உள்பக்கமாகப் பார்த்தபடி இரண்டுக்கும் நடுவே வைத்துத் தைக்க வேண்டும். ஒரு பக்கத்தில் எட்டு செ.மீ. திறந்திருக்கட்டும். மூலைகளில் மிச்சத் துணியைச் சரிவாகக் கத்தரித்து, திறப்பின் வழியே திருப்பினால் லேஸ் வெளியே எட்டிப் பார்க்கும்.

பஞ்சை மூலைகளிலிருந்து அடைக்கத் தொடங்க வேண்டும். குண்டாக்க வேண்டியதில்லை, உப்பிய தலையணையில் எல்லாமே உருளும். திறப்பை மூடியபின், நீள ஊசியால் நடுவில் மேலிருந்து கீழ் துளைத்து, அடியில் ஒரு சின்னப் பொத்தானோடு சேர்த்து இழுத்துக் கட்டினால் நடுவே ஒரு குழி விழும். மோதிரங்கள் அதில் உட்கார்ந்துகொள்ளும்.

கடைசியாகப் பரீட்சை. ரிப்பனின் ஒரு முனையை மோதிரத்துக்குள் விட்டு, மறுமுனையோடு சேர்த்துப் பூ முடிச்சு போட வேண்டும். முதல் சுற்று தளர்வாகவும் அதற்கு மேல் வரும் இரண்டு காதுகள் இறுக்கமாகவும் இருக்க வேண்டும். ரிப்பன் முனைகளில் ஒரு சிறு முத்தைத் தைத்துவிட்டால், பதற்றத்தில் இருக்கும் விரல்கள் காதைப் பிடித்து இழுக்காமல் முனையைப் பிடித்து இழுக்கும். இப்போது தலையணையைத் தலைகீழாகப் பிடித்து உதறிப் பார்க்க வேண்டும். மோதிரம் அசையக் கூடாது. பிறகு ஒற்றைக் கையால் முத்தை இழுக்க வேண்டும். முடிச்சு உடனே அவிழ வேண்டும். இரண்டு பரீட்சையிலும் மூன்று முறை தேறினால், கவரிங் மோதிரத்துக்கு வேலையில்லை. வீட்டுக் கூடத்தில் பையனையும் இரண்டு முறை நடக்கவிட்டுப் பார்ப்பது நல்லது.

'சின்ன வேலை' என்று சொன்னவர்கள் இப்போது கணக்குப் போடலாம். வெட்டி மல் துணி ஓட்ட ஒரு மணி நேரம், எம்பிராய்டரிக்கு மூன்று நான்கு, ரிப்பனுக்கும் பட்டைக்கும் ஒன்று, லேஸோடு இணைக்க இரண்டு, பஞ்சடைத்து மூடி நடுக் குழி இழுக்க இன்னொன்று. எட்டு, ஒன்பது மணி நேரம் போய்விட்டது. தேவாலயத்தில் அது வேலை செய்யப்போவது ஐந்து நிமிடம். லேஸைக் கடையில் வாங்காமல் தானே பின்னுகிறவருக்கு இன்னும் இரண்டு மூன்று மாலைகள் கூடும்.

கடையில் வாங்கிய அந்த ஒரு மீட்டரை யார் பின்னினார்கள்?

இந்தியாவில் லேஸ் பின்னலின் கதையும் தேவாலயத்தை ஒட்டியதுதான். லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், 1820களில் நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்த வகை லேஸே ஒரு தலையணையின் மேல்தான் உருவாகிறது: கெட்டியாக அடைத்த திண்டில் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுகிறார்கள். பல பெண்களுக்குத் தோளை மூடும் உரிமைகூட இல்லாத திருவிதாங்கூர் அது. நாடார் பெண்கள் மேலாடை அணிய அனுமதித்து அரசு ஆணை வந்தது 1859இல். லேஸ் விற்ற பணத்தைச் சேர்த்து அடிமைத்தளையிலிருந்து தங்களை மீட்டுக்கொண்ட பெண்களைப் பற்றி மிஷன் குறிப்புகள் சொல்கின்றன. அங்கே நூலுக்கு ஒரு விலை இருந்தது. அது பின்னியவளின் கைக்கும் வந்தது.

ஆந்திரத்தின் மேற்கு கோதாவரி மாவட்டத்தில் நரசாபூர் கதை வேறு. அங்கும் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் மிஷனரிகள்தான் தொடங்கிவைத்தார்கள். குரோஷா ஊசியும் நூலுமாக அது கிறிஸ்தவப் பெண்களிடமிருந்து மற்ற வீடுகளுக்குப் பரவியது. வெளியே வேலைக்குப் போவதைக் கௌரவக் குறைவாக நினைத்த குடும்பங்களுக்கு வசதியான தொழில்: திண்ணையை விட்டு இறங்க வேண்டாம். ஒருத்தி பூக்களை மட்டும் போடுவாள். இன்னொருத்தி அவற்றை இணைப்பாள். நூல் கொடுத்துப் பண்டம் வாங்கிப்போகத் தரகர் வருவார். சரக்கு கப்பலேறும்.

ஜெர்மானிய சமூகவியலாளர் மரியா மீஸ் இந்தப் பெண்களை நேரில் ஆராய்ந்து எழுதிய நூல் 1982இல் வெளியானது. அவர் கண்டது இது: வீட்டு வேலை போகத் தினமும் ஆறேழு மணி நேரத்துக்கு மேல் பின்னுகிறார்கள், உலகச் சந்தைக்காக உற்பத்தி செய்கிறார்கள், ஆனால் அவர்கள் தொழிலாளிகள் அல்ல, 'சும்மா உட்கார்ந்திருக்கும்போது' பின்னும் இல்லத்தரசிகள் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். ஓய்வு நேரம் என்று பெயர் வைத்துவிட்டால் கூலியைக் குறைத்துவிடலாம். லாபம் வியாபாரிகளுக்கு, கண்வலி பின்னியவளுக்கு.

2024இல் நரசாபூர் குரோஷா லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. போலியைத் தடுக்க அது உதவும். ஆனால் குறியீடு ஊரின் பெயரைத்தான் சொல்லும். பின்னியவளின் பெயரைச் சொல்லாது.

ஆக, மோதிரத் தலையணை தைக்க உட்காருகிறவர் லேஸ் வாங்கும்போது கொஞ்சம் நிதானிக்கலாம். இயந்திர லேஸில் ஒவ்வொரு பூவும் அச்சடித்ததுபோல இருக்கும். கைப்பின்னலில் கண்ணிகள் ஒரு நூல் முன்னே பின்னே இருக்கும். முடியும் இடத்தில் நூலின் நுனி உள்ளே சொருகப்பட்டிருக்கும். அப்படிப்பட்ட ஒரு மீட்டருக்குக் கடைக்காரர் சொல்லும் விலை அதிகமாகத் தோன்றினால், பேரம் பேசுவதற்கு முன் தன் எட்டு ஒன்பது மணி நேரத்தை நினைத்துக்கொள்ளலாம். கைவினைஞர் சங்கங்களிடமோ பெண்கள் கூட்டுறவுகளிடமோ நேரடியாக வாங்க முடிந்தால் இன்னும் நல்லது.

இன்னொரு சின்ன வேலையும் பாக்கி இருக்கிறது. அடித்துண்டில், பட்டைக்குப் பக்கத்தில், தைத்தவரின் பெயரையும் வருடத்தையும் ஒற்றை இழையில் போட்டுவிட வேண்டும். கல்யாண ஆல்பத்தில் மோதிரம் இருக்கும், பையன் இருப்பான், லேஸும் தெரியும். தைத்தவர் இருக்க மாட்டார். இருபது வருடம் கழித்துப் பெட்டியைத் திறக்கும் மகள் தலையணையைத் திருப்பிப் பார்த்தால், அந்த மணி நேரங்கள் யாருடையவை என்று தெரிய வேண்டும். பெயருக்குக் கீழே இன்னொரு பெயர் அளவுக்கு இடம் விடலாம். லேஸ் பின்னியவளின் பெயர் என்றைக்காவது தெரிந்தால் போட்டுக்கொள்ள.