பளு தூக்கும் பொறியும் பழி சுமக்கும் தொழிலாளியும்

வட்டகொடையில் பறிக்கப்பட்ட கொழுந்து, ஸ்டோரிலே வாடி, உருண்டு, புளித்து, உலர்ந்து, தேயிலையாகிக் கொழும்பை அடையும்வரை எத்தனை முதுகுகள் அதனைச் சுமந்தன என்பதை எந்தத் தோட்டத்துக் கணக்குப் புத்தகமும் எழுதி வைத்ததில்லை. கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கியது 1883இல். நானுஓயாவை ரயில் பாதை எட்டியது 1885இல். அந்நாள் தொட்டு நெடுங்காலம் மலையிலே தோட்டத் தொழிலாளியும், கொழும்பிலே நாட்டாமையும் தோள் கொடுத்தே பெட்டி பெட்டியாகத் தேயிலை கப்பல் ஏறியது. ஏலக்கடையில் விலை பேசியவர்களின் பெயர் நிலைத்தது. சுமந்தவர்களின் பெயர் நிலைக்கவில்லை.

இன்று காட்சி மாறிவிட்டது. பெட்டி போய்க் காகிதச் சாக்கு வந்தது. சாக்குகளை மரத்தட்டின்மேல் அடுக்கி, அதற்குப் பேலட் என்று பெயரிட்டு, தட்டோடு சேர்த்துத் தூக்கிச் செல்லும் ஃபோர்க்லிஃப்ட் பொறி பண்டகசாலைகளில் ஓடுகிறது. கையால் இழுக்கும் பேலட் வண்டி அதன் தம்பி. நன்று! மனிதனின் முதுகிலிருந்து மூட்டை இறங்குவதை மனமார வரவேற்பவர் நாம். பொறியைப் பகைப்பது நமது கொள்கையன்று. ஆனால் முதுகிலிருந்து இறங்கிய மூட்டை தலைமேல் விழாதிருக்கப் பொறுப்பேற்பவர் யார் என்று கேட்பதும் நமது கடமையே.

இந்தப் பொறியருகே நிற்பவன் யார்? தோட்டத்துச் சம்பளம் போதாமல் வட்டகொடையிலும் தலவாக்கலையிலும் அட்டனிலும் பஸ் ஏறிக் கொழும்புக்குப் போகும் நம் இளைஞன்தான். ஆட்சேர்ப்பு முகவர் ஒருவர் அவனைப் பண்டகசாலை வாசலில் கொண்டுபோய் விடுகிறார். முதல் மாதம் மூட்டை அடுக்குகிறான். இரண்டாம் மாதம் பொறிச் சாரதி ஒருநாள் வரவில்லை. "தம்பி, நீ ஓட்டோ ஓட்டுவாய்தானே? ஏறு!" என்கிறார் மேற்பார்வையாளர். அதுவே பயிற்சி, அதுவே பரீட்சை, அதுவே சான்றிதழ்!

ஓட்டோவுக்கும் இதற்கும் என்ன உறவு? இரண்டரை டன் தூக்கும் பொறி ஒன்று தானே ஏறத்தாழ நான்கு டன் கனமுள்ளது. அது திரும்புவது பின்சக்கரத்தால். முன்புறம் மெல்ல அசையும்போது வால்புறம் விசையோடு வீசும். அருகில் நிற்பவன் சுவருக்கும் பொறிக்கும் நடுவே அகப்படுவான். தகட்டிலே இரண்டரை டன் என்று பொறித்திருப்பது, சுமையின் நடுவிடம் கவையின் அடியிலிருந்து குறித்த தூரத்துக்குள், பெரும்பாலும் 500 மில்லிமீற்றருக்குள், இருந்தால் மட்டுமே செல்லும். சுமை முன்னே தள்ளியிருந்தாலோ மிக உயரத் தூக்கினாலோ அந்தக் கணக்குச் சரிந்துவிடும். சுமையை உயர்த்தியபடியே வேகமாகத் திருப்பினால் பொறி பக்கவாட்டில் கவிழும். கவிழும்போது வெளியே குதிப்பது மனித இயல்பு. குதித்தவன்மேல்தான் பொறியின் கூரைச் சட்டம் விழுகிறது! இருக்கைப் பட்டியை மாட்டி, சுக்கானை இறுகப் பற்றி, கவிழும் திசைக்கு எதிர்ப்புறம் சாய்ந்து உள்ளேயே இருப்பவனுக்கே பிழைக்க வழியுண்டு. இயல்புக்கு மாறான இந்த ஒன்றை முன்கூட்டியே பழக்காமல் ஒருவனை அந்த இருக்கையில் ஏற்றுவது வேலை கொடுப்பதா, விலைபேசுவதா?

தம்பி வண்டியோ சாது போலத் தோன்றும். மூட்டை ஒன்று ஐம்பது கிலோ என்றால், இருபது மூட்டை அடுக்கிய தட்டு ஒரு டன். சமதளத்தில் அதனை ஒரு மனிதன் தள்ளிவிடலாம். ஆனால் நமது மலையகத்திலே சமதளம் எங்கே இருக்கிறது? ஸ்டோர் வாசலில் லொறி நிற்கும் இடம் இருபது அடிக்கு ஓரடி சரிந்திருந்தாலும், அந்த ஒரு டன் ஐம்பது கிலோ விசையோடு கீழ்நோக்கி இழுக்கும். சாதாரணக் கைவண்டிக்குப் பிரேக் கிடையாது. முன்னே நின்று இழுப்பவனின் குதிகால்தான் பிரேக்! சரிவிலே அதனைக் கொண்டுபோகவே கூடாது என்பது உலகம் ஒப்பிய விதி. பாதையைச் சமப்படுத்தச் சீமெந்துக்குச் செலவாகுமே என்று தயங்குகிறவர்கள் ஒரு காலின் விலையையும் கணக்கிட்டுப் பார்ப்பார்களாக.

பராமரிப்பு என்ற சொல்லுக்கு நம் நாட்டில் ஒரு விசித்திரமான பொருள் உண்டு: நின்றுபோனால் திருத்துவது. தூக்கும் கவை தரையில் உரசி உரசித் தேய்கிறது. அடிவளைவில் பத்தில் ஒரு பங்கு தேய்ந்தால் அதன் வலுவில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. அந்நிலையில் அதனை மாற்றியே தீரவேண்டும். தூக்குச் சங்கிலி நீளுகிறது. நூற்றுக்கு மூன்று பங்கு நீண்டால் அதுவும் கழிக்கப்படவேண்டியதே. பொறியோ இவற்றோடும் ஓடிக்கொண்டுதான் இருக்கும், அதனால்தான் ஆபத்து. எண்ணெய்க் கசிவு, பிரேக், ஹார்ன், டயர், கவையில் வெடிப்பு ஆகியவற்றை வேலை தொடங்குமுன் பார்ப்பதற்குச் சில நிமிடங்கள் போதும். மின்கலம் ஏற்றும் இடத்தில் ஹைட்ரஜன் வாயு எழும். அங்கே பீடி பற்றவைப்பவன் தன் கொள்ளியைத் தானே வைத்தவனாவான். கைவண்டியின் சக்கரத்தில் சுற்றிய சாக்கு நூலை அவிழ்க்க ஒரு கத்தி போதும். அதையும் செய்ய ஒருவரை நியமிப்பதில்லை.

எச்சரிக்கைப் பலகைகளின் கதை வேறு. பொறியின் கைநூல் ஆங்கிலத்தில், சுவரிலே அறிவிப்பு சிங்களத்தில், ஓட்டுகிறவன் தமிழன். அமெரிக்காவிலே 1999ஆம் ஆண்டு முதல், முறையான பயிற்சியும் செய்முறைத் தேர்வும் இன்றி எவரும் இப்பொறியை இயக்கலாகாது. மூன்றாண்டுக்கொரு முறை மறுபடியும் தகுதி பார்க்கவேண்டும். பயிற்சி தொழிலாளிக்கு விளங்கும் மொழியிலேயே இருக்கவேண்டும் என்று அந்நாட்டு அதிகாரிகள் 2010இல் தெளிவுபடுத்தினார்கள். முதலாளித்துவத்தின் தலைநாடே ஒப்புக்கொண்டதைத் தமிழும் அரச கரும மொழியாகிய இந்நாட்டில் கேட்பது பேராசையோ?

நம்மிடம் சட்டம் இல்லாமலில்லை. 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. பரிசோதிக்கப் பொறியியலாளர்கள் இருக்கிறார்கள். 2009ஆம் ஆண்டுச் சட்டத்தால் தொழில்சார் பாதுகாப்புக்கென ஒரு தேசிய நிறுவகமும் உண்டு. 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, உச்ச நட்டஈடு ஐந்தரை லட்சத்திலிருந்து இருபது லட்சம் ரூபாயாயிற்று. நல்லதே. ஆனால் முகவர் மூலம் வந்தவன் கால் இழந்தால், முகவர் முதலாளியைக் காட்டுவார். முதலாளி முகவரைக் காட்டுவார். வட்டகொடை லயத்தில் இருக்கும் தாயோ இருவரின் முகவரியும் அறியாள்.

தொழிற்சங்கத் தலைவர்களையும் நாம் கேட்காமல் விடுவதற்கில்லை. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்காக ஆண்டுக்கணக்கில் குரல் கொடுத்து, 2021இல் அது வர்த்தமானியில் ஏறியது. அப்போராட்டத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. எனினும் மேடையில் சம்பளம் முழங்கிய அளவில் நூற்றில் ஒரு பங்காவது பொறிப் பாதுகாப்பு முழங்கியதுண்டா? சந்தா கொடுத்த தந்தை தோட்டத்தில். சங்கமே இல்லாத மகன் பண்டகசாலையில். அவனைத் தேடிச் செல்வது யார் வேலை?

அடுத்த பேச்சுவார்த்தை மேசைக்குச் செல்லும் பிரதிநிதிகள் சம்பளக் கோரிக்கையோடு இவற்றையும் எடுத்துச் செல்லட்டும்: தமிழில் பயிற்சி பெற்றுத் தேறாதவன் கையில் திறப்புக் கொடுக்கப்படலாகாது, பொறி ஒவ்வொன்றுக்கும் பழுதுப் புத்தகம் இருக்கவேண்டும், அதில் தொழிலாளி எழுதிய பழுது தீரும்வரை அந்தப் பொறி நகரலாகாது, நகர்த்த மறுத்தவனின் வேலை போகலாகாது. மேசையின் மறுபுறம் இருப்பவர்கள் செலவைக் காட்டி மறுத்தால், பழுதுப் புத்தகத்தின் விலை என்னவென்று அவர்களிடமே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வரட்டும். அதனை இப்பத்திரிகையில் வெளியிட நாம் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.