தொண்டும் பொறுப்பும்

கல்வியின் பயன் யாது என வினவுவோர்க்கு விடைகள் பலவாம். அறிவே பயன் என்பர் ஒருசாரார். உத்தியோகமே பயன் என்பர் மற்றொரு சாரார். பிறர்க்கு உதவும் தகுதியைப் பெறுதலே பயன் என்பாரும் உளர். மிஷன் கல்லூரிகள் இம்மூன்றாவதனையே தம் கொள்கையாகப் பெரிதும் எடுத்துக் கூறுவன. இந்நாளில் நம் மாணவர் பலர் விடுமுறைக் காலங்களில் தரும ஸ்தாபனங்களிற் சேர்ந்து தொண்டு பயில்கின்றனர். அப்பயிற்சி அவர்க்குக் கற்பிப்பது யாது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

அஃது இரக்கத்தைக் கற்பிக்கும் என்பது பலரும் கூறும் விடை. அதனை முற்றும் ஒப்புக்கொள்ள என்னால் இயலவில்லை. இரக்கமில்லாத இளைஞன் அவ்வேலைக்குச் செல்லவே விரும்பான். ஆதலின் இரக்கம் அவன் கொண்டு செல்லும் பொருளேயன்றிக் கொண்டு வரும் பொருளன்று. அவன் அங்கே கற்கவேண்டியது பொறுப்பு. இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமையை நான் என் பிழையொன்றினாலேயே அறிந்தேன்.

மாணவனாயிருந்த காலத்தில் ஒரு தரும ஸ்தாபனத்தில் ஒரு மாதம் தொண்டனாகப் பயின்றேன். அவர்கள் ஒரு கிராமத்தில் இலவசக் கண் சிகிச்சை முகாம் நடத்தினர். வருவோரின் பெயர், வயது, ஊர் முதலியவற்றைச் சீட்டில் எழுதுவதும், பார்வை குன்றிய முதியோரைக் கைப்பிடித்து மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும் என் வேலை. இரு கண்களிலும் புரை முற்றிய மூதாட்டி ஒருத்தி வந்தாள். அன்று மாலையே ஆஸ்பத்திரிக்குச் செல்லும் பஸ்ஸில் ஏறுமாறு மருத்துவர் கூறினார். “பாட்டி, காசு ஒன்றும் வேண்டாம், பார்வை வந்துவிடும்” என்றேன் நான், மிக்க உற்சாகத்தோடு. “சரி தம்பி” என்றாள் அவள். மாலையில் பஸ் புறப்பட்டபோது அவளைக் காணோம்.

மறுநாள் ஸ்தாபனத்தின் ஊழியராகிய அம்மையார் ஒருவர் அவள் வீட்டிற்குச் சென்று விசாரித்தார். அவ்வீட்டில் இருந்தவை இரண்டு ஆடுகளும், தாயில்லாத பேத்தி ஒருத்தியுமே. சிறுமியை யாரிடம் விட்டுச் செல்வது? அதனை நான் கேட்கவுமில்லை. அவள் தானாகச் சொல்லவுமில்லை. அம்மையார் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “தம்பி, பாட்டியிடம் நீங்கள் பேசினீர்கள்; பாட்டியைப் பேசவிடவில்லை” என்று மட்டும் சொன்னார். பின்னர் அண்டை வீட்டாரைக் கண்டு சிறுமிக்கு ஏற்பாடு செய்து, அடுத்த முகாமின்போது மூதாட்டியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவரும் அவரே. அப்பொழுது நான் அங்கில்லை. நற்சாட்சிப் பத்திரம் பெற்றுக்கொண்டு ஊர் திரும்பியிருந்தேன். அவளுக்குப் பார்வை கிடைத்த செய்தியைக் கடிதத்தாலேயே அறிந்து, மகிழ்ச்சியும் நாணமும் ஒருங்கே அடைந்தேன்.

மதுரையில் 1976-ஆம் ஆண்டு டாக்டர் ஜி. வெங்கடசாமி அவர்கள் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரியின் முகாம் முறையும் இவ்வுண்மையையே விளக்கும். சிகிச்சை இலவசம் என்று அறிவித்த மாத்திரத்தில் ஏழைகள் வந்துவிடுவதில்லை. வண்டிக் கூலி, உணவு, துணை, அச்சம் என அவர்க்குத் தடைகள் பல. ஆகவே முகாமில் தேர்ந்தெடுக்கப்படுவோரை வண்டியில் அழைத்துச் சென்று, உணவும் இடமும் அளித்து, சிகிச்சை செய்து, ஊரிற் கொண்டுவந்து விடுகின்றனர். சில வாரங்கள் சென்றபின் மீண்டும் கண்ணைச் சோதிக்கின்றனர். இரக்கம் கத்தியைக் கையில் எடுப்பதோடு நின்றுவிடும். பொறுப்போ வீட்டு வாயில்வரை உடன் செல்லும்.

பிற நாட்டிலிருந்தும் ஒரு சான்று கூறலாம். 1905-ஆம் ஆண்டில் கிளெமென்ட் அட்லி என்னும் இளைஞர், இலண்டனின் கீழ்ப்பகுதியாகிய ஸ்டெப்னியில் ஏழைச் சிறுவர்க்கென நடந்த சங்கம் ஒன்றைப் பார்வையிடச் சென்றார். அவர் வளமான குடும்பத்தில் தோன்றி, ஆக்ஸ்போர்டிற் பயின்று, சட்டமும் கற்றவர். பார்வையிடச் சென்றவர் அத்துடன் நில்லாது தொடர்ந்து தொண்டாற்றினார். 1907-இல் அச்சங்கத்தின் நிர்வாகியாகி அங்கேயே குடியிருந்தார். கன்சர்வேட்டிவ் கொள்கையோடு சென்ற அவர் அங்கே சோஷலிஸ்டாக மாறினார். 1945-இல் பிரதம மந்திரியான அவரது ஆட்சியிலேதான் 1947-இல் இந்தியா விடுதலை பெற்றது. 1948-இல் பிரிட்டனில் அனைவர்க்கும் மருத்துவ உதவி அளிக்கும் திட்டம் தொடங்கிற்று. ஒரு நாள் கண்டு திரும்பியிருப்பின் அவர் இரக்கமுள்ள கனவானாக மட்டும் இருந்திருக்கக்கூடும்.

நம் நாட்டில் நாட்டு நலப்பணித் திட்டம் 1969-இல் ஏற்பட்டது. அதிற் சேரும் மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் தொண்டாற்ற வேண்டும் என்பது விதி. விதி வேண்டுவதே, கணக்கும் வேண்டுவதே. ஆயின் மணிக்கணக்கு நிறைந்தவுடன் தொண்டும் நிறைந்தது எனக் கருதுதல் பிழையாகும். நாம் எண்ணுவது நம் மணிகளை; அவ்வேழை எண்ணுவதோ நாம் மீண்டும் வரும் நாளை.

“மாணவர்க்குப் பாடமும் பரீட்சையும் உண்டு, அவர் ஆண்டுக்கணக்காக ஓரிடத்தில் தங்குவது எங்ஙனம்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. மாணவர் செல்வர்; கல்லூரியோ நிலைத்திருக்கும். ஆதலின் ஆண்டுதோறும் புதுப்புது ஊர்களை நாடாது, ஒரு கிராமத்தையேனும் ஒரு ஸ்தாபனத்தையேனும் நம் கல்லூரி தொடர்ந்து பேணுதல் நன்று. ஒவ்வொரு மாணவனும் தான் தொடங்கி முடியாது விட்டவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி, அடுத்து வருபவனிடம் ஒப்படைக்கலாம். எந்த வீட்டில் யார்க்கு என்ன தடை என்பது அதில் இருத்தல் வேண்டும். அருகில் வாழும் பழைய மாணவர்கள் விடுமுறைகளுக்கிடையே அவ்வீடுகளைக் கண்டு வரலாம். இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. மறவாமை ஒன்றே வேண்டும்.

நல்ல சமாரியனின் கதையை இக்கல்லூரியில் அறியாதார் இலர். அவன் காயங்களைக் கட்டியதை நாம் அடிக்கடி நினைக்கிறோம். அடிபட்டவனைச் சத்திரத்திற் சேர்த்து, செலவுக்குப் பணம் கொடுத்து, மேலும் செலவானால் தான் திரும்பி வரும்போது தருவதாக அவன் வாக்களித்ததை அத்துணை நினைப்பதில்லை. இளைஞர்காள், அவ்வாக்கையும் நினைமின். தொண்டிற்குச் செல்லும் நாளினும் திரும்பச் செல்லும் நாளே பெரிது.