பிள்ளையின் நிறத்துக்குப் பெற்றவளைக் குறை சொல்லாதீர்கள்



பிள்ளை பார்க்கப் போன வீட்டில், "அப்பன் சிவப்பு, பிள்ளை மட்டும் ஏன் கறுப்பு? குங்குமப்பூ சாப்பிடலையா?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கேட்க ஒரு நிமிடம் போதும். பெற்றவள் மனதில் அது வருடக்கணக்கில் நிற்கும்.

தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்னும் நிறமி. அதை உண்டாக்கும் செல்களின் எண்ணிக்கை கறுத்தவருக்கும் வெளுத்தவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். எவ்வளவு மெலனின், எந்த வகை என்பதில்தான் வித்தியாசம். அதை முடிவு செய்பவை பல மரபணுக்கள். தாயிடமிருந்து பாதி, தந்தையிடமிருந்து பாதி. எந்தப் பாதி வரும் என்பது சீட்டுக் குலுக்கிப் போடுவது மாதிரி. அதனால்தான் ஒரே வயிற்றில் பிறந்தும் அக்காள் மாநிறம், தங்கை கறுப்பு. குங்குமப்பூவுக்கு இதில் வேலையே இல்லை. சிவப்பாகப் பிறந்த குழந்தைக்குச் சில மாதங்களில் நிறம் கூடுவதும் இயல்பே. "வெயிலில் போட்டுக் கறுக்க வைத்துவிட்டாள்" என்பது வீண்பழி.

ஐதராபாத் சிசிஎம்பி ஆய்வகத்தின் குமாரசாமி தங்கராஜும் மற்றவர்களும் 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எஸ்எல்சி24ஏ5 என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறினால் தோல் வெளுக்கிறது. இந்தியர், ஐரோப்பியர் இருவரிடமும் உள்ள அந்த மாற்றம் ஒரே மூலத்திலிருந்து வந்தது. அதன் வயது சுமார் 22,000 முதல் 28,000 ஆண்டுகள் என்று கணித்தார்கள். என்றோ நடந்த ஓர் எழுத்து மாற்றத்தை வைத்து இன்று ஒரு பெண்ணை எடை போடலாமா?

திண்டுக்கல் வெயிலுக்குக் கறுப்புத் தோல் இயற்கை கொடுத்த குடை. அதை வெளுக்க வைக்கிறேன் என்று மருத்துவரைக் கேட்காமல் ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் பூசினால் தோல் மெலிந்து புண்ணாகும். பிள்ளைகளே, தயவுசெய்து வேண்டாம்.

நம் தாடிக்கொம்புப் பெருமாளின் பெயர் சௌந்தரராஜர். அழகுக்கே அரசர் என்று பொருள். திருமாலைக் கரியவன் என்றுதான் காலங்காலமாகக் கும்பிடுகிறோம். கும்பிட்டு வந்த கையோடு வரன் பார்க்க உட்கார்ந்து, "பொண்ணு கொஞ்சம் நிறம் கம்மியோ?" என்று இழுப்பது என்ன நியாயம்?

படிப்பைக் கேளுங்கள், குணத்தைக் கேளுங்கள். நிறத்தைக் கேட்காதீர்கள். உங்கள் வீட்டில் யாராவது கேட்டால், பெரியவர்களாக இருந்தாலும், மரியாதையோடு அங்கேயே நிறுத்துங்கள். நான் பாடம் நடத்திய பிள்ளைகளிடம் நான் கேட்கும் குருதட்சணை இதுதான்.